மாமியார் இளைத்ததற்கு மாம்பழமா காரணம்?

கேள்வி: பக்கத்து வீட்டாரோடு கூட்டுச் சேர்ந்து கோயம்பேட்டில் பெட்டிக் கணக்கில் மாம்பழம் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிறோம். செலவு நன்றாகவே குறைகிறது. இரவானால் மாமியாரும் பிள்ளைகளும் ஆசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாமியாருக்கு 63 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு வீடியோவைப் பார்த்து மாத்திரையை விட்டுவிட்டு நாவல் கொட்டைப் பொடி குடிக்கிறார். இரண்டு மாதத்தில் 5 கிலோ குறைந்திருக்கிறார். ராத்திரி நாலைந்து முறை பாத்ரூம் போகிறார். கல் வைத்துப் பழுத்த மலிவுப் பழத்தால் வந்த வினை என்று கணவர் திட்டுகிறார். தர்பூசணியில் சாய ஊசி, ஆப்பிளில் மெழுகு என்றும் சொல்கிறார்களே?
- வாசகி, வில்லிவாக்கம்

பதில்: இன்றைக்கே மாமியாருக்கு ரத்தச் சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்று நாளைக்குத் தள்ளாதீர்கள். இவ்வளவு தொந்தரவு இருக்கும்போது சாப்பிட்டிருந்தாலும் எடுக்கலாம். பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள்.

சர்க்கரை உள்ளவர் தானாக இளைத்தால் வீட்டில் யாரும் சந்தோஷப்படக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ராத்திரி அவர் எழுந்து எழுந்து போவது பெரும்பாலும் இதனால்தான். சாப்பிட்டது உடம்பில் சேராததால், உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எடுத்துச் செலவழிக்கிறது. அந்த 5 கிலோ அப்படிப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அசதியாகத் தூங்கிக்கொண்டே இருப்பது, பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இந்த வெயிலில், இந்த வயதில், நீர்ச்சத்து வற்றினால் நிலைமை சில மணி நேரத்தில் மோசமாகலாம்.

வீடியோ போடுகிறவருக்கு உங்கள் மாமியாரின் சர்க்கரை அளவும் தெரியாது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் தெரியாது. நாவல் பழம் நல்ல பழம், தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் பத்து வருட நோய்க்கு மாத்திரை இருந்த இடத்தில் கொட்டைப் பொடியை வைப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்காக விட்ட மாத்திரைக்கு ஈடாக இரண்டிரண்டாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம், அதிலும் உடம்பு இளைக்கும். அப்புறம், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். அலைச்சலால்தான் மாத்திரையை விட்டார் என்றால் பதிந்து வையுங்கள்.

உங்கள் மனதை அரிக்கும் விஷயம் வேறு என்று தெரிகிறது. விலை குறைவாக வாங்கி வந்து நீங்கள் அவரைக் கெடுத்துவிடவில்லை, அம்மா. சீசனில் வரத்து கூடினால் பழம் மலிவாகத்தான் கிடைக்கும். மாம்பழம் சர்க்கரையை ஏற்றியிருக்கலாம், அது உண்மை. ஆனால் மாத்திரையை நிறுத்தியதுதான் பெரிய காரணமாக இருக்கும். இதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, அப்படிப்பட்ட பழத்தை வாங்கக் கூடாதுதான். எத்திலீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு. சந்தேகமாக இருந்தால் முற்றிய காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வையுங்கள், செலவும் இன்னும் குறையும். தர்பூசணி சிவப்பாக இருப்பது லைகோபீன் என்ற இயற்கை நிறமியால். 2025 கோடையில் இந்த ஊசிப் பேச்சு கிளம்பி விவசாயிகளின் பிழைப்பில்தான் மண் விழுந்தது. ஊசி குத்திய பழம் சீக்கிரம் அழுகும், எந்த வியாபாரி அதைச் செய்வார்? ஆப்பிளைக் கழுவிச் சாப்பிட்டால் போதும். ஆப்பிள் விலை உறுத்தினால் கொய்யா வாங்குங்கள். அதில் நார்ச்சத்து ஆப்பிளைவிட அதிகம், வைட்டமின் சி பல மடங்கு.

சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை மாமியாருக்கு மாம்பழம் வேண்டாம். வந்த பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு மேல் கொடுக்காமல், சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு சின்னக் கிண்ணம், அதாவது 100 கிராம் சதை, மென்று சாப்பிடட்டும். அதில் 15 கிராம் மாவுச்சத்துதான் இருக்கிறது. ஜூஸாகக் கொடுக்க வேண்டாம். டாக்டரிடம் போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் பழைய மாத்திரைச் சீட்டையும் பையில் எடுத்துப் போங்கள்.