மழைத்தண்ணி தேங்குற பள்ளத்துல என்ன நடலாம்?

கேள்வி: அமெரிக்காவுல இருக்கற என் பையன் வீட்டு மழைத்தோட்டத்துல (மழைத்தண்ணி தேங்கி மண்ணுல இறங்குறதுக்கு வெட்டின பள்ளத்துல செடி வைக்கிறது) 'பிக்னெல் செட்ஜ்'னு ஒரு கோரை வச்சிருக்கான், வறட்சியும் தாங்குதாம், அந்த விதையை இங்க போடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வேணாம்மா. அது வட அமெரிக்கப் புல்வெளிச் செடி, ரெண்டு மூணு அடி குத்தா வளரும், வசந்தத்துல ஈரம் கோடையில வறட்சின்னு ரெண்டையும் தாங்கும், ஆனா அதோட விதை முளைக்கக் குளிர்காலம் வேணும், நம்ம ஊர்ல ஏது அந்தக் குளிரு? அனுமதியில்லாம வெளிநாட்டு விதையைக் கொண்டு வரவும் கூடாது.

அதோட சொந்தபந்தம் ஒண்ணு நம்ம வாய்க்கால் ஓரத்துலயே நிக்குது, பாய்க்கோரை. தண்டை விரல்ல உருட்டிப் பாருங்க, மூணு பட்டை தட்டும், புல்லுன்னா உருண்டையா இருக்கும். கிழங்கோட ஒரு கட்டு பேத்து, ஐப்பசி மழைக்கு முன்னாடி பள்ளத்தோட அடியில நடுங்க, கோடையில மட்டும் அப்பப்ப தண்ணி விடுங்க. காயற மேட்டு ஓரத்துக்கு வெட்டிவேர், அது கோரை இல்ல புல்லுதான், ஆனா வேர் பத்தடிக்குக் கூட இறங்கும், வறட்சிக்கு அசராது.

வயக்காட்டுக் கோரைக்கிழங்கை மட்டும் தெரியாம வச்சிடாதீங்க, முத்து முத்தா கிழங்கு விட்டு தோட்டம் முழுக்கப் பரவிடும், அப்புறம் பிடுங்கி மாளாது.

பள்ளம் அரையடி ஆழம் போதும், சுவத்துலேர்ந்து பத்தடி தள்ளி வெட்டுங்க. நம்ம களிமண்ணுல தண்ணி சீக்கிரம் இறங்காது, ரெண்டு நாளுக்கு மேல நின்னா கொசு வந்துடும், அதனால மணலோட மக்கின உரமும் நிறைய கலந்துட்டு நடுங்க.