கீபோர்டை லேப்டாப்போடு சேர்க்க எட்டாயிரம் தேவையா?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், கிருஷ்ணகிரியில் கீபோர்டு வகுப்புக்குப் போகிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பெரியவளுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் சும்மா கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து, வாசிப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறான். கடையில் கேட்டால், வாத்தியத்தின் சத்தத்தை லேப்டாப்புக்குள் அனுப்பும் பெட்டியாம், ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள், ஏழெட்டாயிரம் ஆகும் என்கிறார்கள். எங்களால் அவ்வளவு முடியாது சார், வேறு வழி இருக்கிறதா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இருக்கிறதும்மா, பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் எதையும் வாங்கும் முன் கீபோர்டைத் திருப்பி வைத்து அதன் முதுகை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

அங்கே மேல் இரண்டு மூலையும் லேசாகச் சீவிவிட்ட மாதிரி ஒரு சதுரத் துளை இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். அது யூஎஸ்பி. ஜெராக்ஸ் கடையில் பிரிண்டருக்கு மாட்டியிருக்கிறார்களே, அதே கேபிள்தான் இதற்கும். கம்ப்யூட்டர் கடையில் 'பிரிண்டர் கேபிள்' என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், 'மியூசிக் கேபிள்' என்று கேட்டு அதிக விலை கொடுக்க வேண்டாம். பல கீபோர்டுகளை விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். சில மாடல்களுக்கு மட்டும் அந்தக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து டிரைவரை (கருவியை லேப்டாப்போடு பேச வைக்கும் சின்ன மென்பொருள்) இலவசமாக இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சதுரத் துளை இல்லாமல், அரை வட்டத்தில் ஐந்து புள்ளி வைத்த மாதிரி இரண்டு வட்டத் துளைகள் இருந்தால் அது மிடி. வாத்தியமும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983-இல் வந்த முறை, இன்றைக்கும் அப்படியே வேலை செய்கிறது. இதற்கு யூஎஸ்பி-மிடி கேபிள் வேண்டும். இந்தக் கேபிளில் நான் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிக்கொண்டு ஓசூர் வழியாக வீடு வந்து, கேபிளில் 'அவுட்' என்று எழுதிய முனையை கீபோர்டின் 'அவுட்' துளையில் செருகிவிட்டு, பதினோரு மணி வரைக்கும் கட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு நோட்கூட லேப்டாப்புக்குப் போகவில்லை. கேபிளின் 'இன்' முனைதான் கீபோர்டின் 'அவுட்'டில் போக வேண்டும்! கீபோர்டிலிருந்து வெளியே வருவது கம்ப்யூட்டருக்குள் போகிறது, அதுதான் கணக்கு. சில கேபிள்களில் எழுத்தே தலைகீழாக இருக்கும். மாற்றிச் செருகிப் பாருங்கள், அதனால் எதுவும் எரிந்துவிடாது.

இரண்டு துளையுமே இல்லாத கீபோர்டுகளும் உண்டு, கேசியோ எஸ்ஏ-46, யமஹா பிஎஸ்ஆர்-எஃப்51 மாதிரி. அப்போது ஹெட்போன் துளையிலிருந்து சத்தத்தை மட்டும் எடுக்கலாம். ஆனால் இப்போதைய லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான் இருக்கும், சாதாரண ஆடியோ கேபிளை அதில் செருகினால் எதுவும் பதிவாகாது. மைக்குக்குத் தனித் துளை உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கி, கீபோர்டின் வால்யூமைக் கால்வாசிக்குக் குறைத்து வைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யுங்கள். வால்யூமை ஏற்றினால் கரகரவென்று உடைந்துபோகும், பிறகு அதைச் சரி செய்யவே முடியாது.

ஒன்றைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யூஎஸ்பி கேபிளிலும் பெரும்பாலும் மிடிதான் போகும், மிடி வழியாகச் சத்தம் போகாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டான் என்ற தகவல் மட்டும்தான் போகும். அதனால் கேபிளை மாட்டியதும் லேப்டாப் ஊமையாகத்தான் இருக்கும், கேபிள் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, ஒரு வாத்தியத்தைச் சேர்த்து, அந்த ட்ராக்கின் பக்கத்திலுள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, மிடி இன்புட்டில் கீபோர்டின் பெயரை டிக் செய்தால் சத்தம் வரும். தப்பாக வாசித்த ஒரு நோட்டை மட்டும் மவுஸால் நகர்த்திச் சரி செய்யலாம் என்பதை அவனுக்குக் காட்டுங்கள், அப்புறம் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

கேள்வி: கேபிள், மென்பொருள் எல்லாம் சரியாக இருக்கிறது. கட்டையை அழுத்தினால் கொஞ்சம் தாமதமாகத்தான் சத்தம் வருகிறது, தாளம் நிற்கவே மாட்டேன் என்கிறது. புது லேப்டாப் வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம் சார். முதலில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் பாதிக் குற்றவாளி அதுதான், வயர் ஹெட்போனுக்கு மாறுங்கள். அடுத்து ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு, ரீப்பர் மாதிரி அதை ஏற்கும் மென்பொருளில் (60 நாள் காசில்லாமல் பார்க்கலாம்) பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்து அனுப்பும் சத்தத் துணுக்குகளின் எண்ணிக்கையை, 256-க்குக் கொண்டு வாருங்கள். செகண்டுக்கு 44,100 துணுக்கு என்ற வேகத்தில் அது ஏறக்குறைய 6 மில்லி செகண்ட்தான். மற்ற இடங்களிலும் கொஞ்சம் தாமதம் சேரும், ஆனாலும் தாளத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போகாது. பழைய லேப்டாப்பில் 'டப் டப்' என்று சத்தம் உடைந்தால் 512-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதுவும் சரிப்படவில்லை என்றால் நான் செய்வதைச் செய்யுங்கள். வாசிக்கும்போது லேப்டாப்பின் சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டு கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரையே கேட்டு வாசியுங்கள், அதில் தாமதமே கிடையாது. லேப்டாப் பேசாமல் மிடியை மட்டும் எழுதிக்கொண்டிருக்கும். வாசித்து முடித்த பிறகு எந்த வாத்தியத்தின் சத்தம் வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.