புதிய பிக்கப் வண்டி: பில்லில் குறையாத விலை, குறைந்த விலை ஆகாது

கேள்வி: ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். கேரளா லோடுக்குப் புதிய பிக்கப் வண்டி எடுக்கப் போகிறேன். டீலர் கொடுத்த கொட்டேஷன்: எக்ஸ்-ஷோரூம் 10,12,000, டிசிஎஸ் 10,120, காப்பீடு 61,500, ஆர்டிஓ செலவு 34,000, ஹேண்ட்லிங் 8,500, ஆக்சஸரீஸ் 21,880, ஆக மொத்தம் ஆன்ரோடு 11,48,000 ரூபாய். பேசிப் பார்த்ததில் 30,000 குறைத்து 11,18,000-க்குத் தருகிறேன் என்கிறார். 9 லட்சம் லோன், 48 மாத டியூ, 60 பைசா வட்டி. ஜிஎஸ்டியில் ஒன்றரை லட்சம் திரும்பக் கிடைத்துவிடும் என்றும் சொல்கிறார். இன்னும் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

பதில்: முதலில் அந்த 30,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஹேண்ட்லிங்கையும் ஆக்சஸரீஸையும் கூட்டினால் 30,380 ரூபாய். அவரே ஏற்றி வைத்ததை அவரே இறக்கிவிட்டு, அதற்குத் தள்ளுபடி என்று பெயர் வைத்திருக்கிறார். வண்டி விலையில் இதுவரை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், டெலிவரி சார்ஜ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அடித்துவிடச் சொல்லுங்கள். வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு அதைத் தயாரிப்பாளரே டீலர் வழியாகத் தர வேண்டும், விலையும் வண்டி விலையில் அடக்கம். ஆக்சஸரீஸ் பட்டியலைத் தனியாக எழுதி வாங்குங்கள். சீட் கவரும் மேட்டும் திண்டுக்கல் கடைகளிலேயே கிடைக்கும். அந்தப் பட்டியலில் கூடுதல் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இருந்தால் கட்டாயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். லோடு தாங்கும் என்று ஆசைகாட்டிப் போட்டுவிடுவார்கள். பிறகு ஆக்ஸிலோ சேசிஸோ விரிசல் விட்டால், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிவிட்டீர்கள் என்று வாரண்டியை மறுப்பார்கள்.

இனி நீங்கள் பேச வேண்டியது எக்ஸ்-ஷோரூம் விலை ஒன்றைத்தான், அதுவும் இன்வாய்ஸில் இறங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. இன்வாய்ஸ் மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் 1% டிசிஎஸ், அதாவது டீலர் உங்களிடம் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி. 12,000 ரூபாய் பில்லிலேயே குறைந்தால் 10,120 தானாக மறைந்துவிடும். டிசிஎஸ் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம்தான். ஆனாலும் வண்டி எடுக்கும் நேரத்தில் உங்கள் கையிலிருந்து போகிறதே. அதே 12,000-க்கு டீலர் தார்ப்பாயும் மியூசிக் சிஸ்டமும் இலவசமாகக் கொடுத்தால் பில் குறையாது, டிசிஎஸ்ஸும் குறையாது.

எவ்வளவு குறையும் என்பது உங்கள் கையில் இருக்கும் மற்ற கொட்டேஷன்களைப் பொறுத்தது. அதே மாடலுக்கு மதுரையிலும் கரூரிலும் உள்ள டீலர்களிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் பதிவை உங்கள் ஊர் ஆர்டிஓவில் செய்துகொள்ளலாம். வெளியூரில் எடுத்தால் சர்வீஸ் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். வாரண்டி தயாரிப்பாளருடையது, எந்த அங்கீகார சர்வீஸிலும் செல்லும். மாதக் கடைசி வாரத்தில், முடிந்தால் காலாண்டுக் கடைசியில் போங்கள். டீலருக்கு விற்பனை இலக்கு நெருக்கும் நேரம் அது. யார்டில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அவரும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

லோன் பேச்சை விலை முடிந்த பிறகு தொடங்குங்கள். டியூ எவ்வளவு கட்ட முடியும் என்று சேல்ஸ்மேன் முதலிலேயே கேட்டால் பதில் சொல்லாதீர்கள். சொன்ன டியூவுக்கு மாதங்களை நீட்டி விலையை மறைத்துவிடுவார்கள். 60 பைசா என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 60 பைசா, வருடத்துக்கு 7.2%. பேங்க் 10.5% கேட்கிறது, நாங்கள் 7.2-தான் என்பது பைனான்ஸ்காரர்களின் வழக்கமான பேச்சு. கணக்கைப் பாருங்கள். 9 லட்சத்துக்கு 60 பைசா வீதம் 48 மாதத்துக்கு வட்டி 2,59,200, டியூ 24,150. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம்வரை முழு 9 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். இதையே குறைந்து வரும் அசலுக்கான வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 13% வரும். பேங்க்கின் 10.5% குறைந்து வரும் அசலுக்கான வட்டியாக இருந்தால் டியூ 23,043-தான். மாதம் 1,107 வித்தியாசம், 48 மாதத்தில் 53,000 ரூபாய்க்கு மேல். 30,000 தள்ளுபடிக்காகச் சண்டை போட்டுவிட்டு, இங்கே 53,000-ஐக் கேட்காமலே கொடுத்துவிட்டு வருகிறார்கள் நம் ஆட்கள்.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் கொடுக்கும் புதிய கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பிராசஸிங் கட்டணம் உட்பட எல்லாம் சேர்ந்த ஆண்டு வட்டி வீதம் அதில் ஏபிஆர் என்று இருக்கும். இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். பைனான்ஸ் ஏஜென்ட் 29, 30 படிவங்களை நீட்டி, வெறும் தாளில் கையெழுத்துப் போடுங்கள், வழக்கம்தான் என்பார். அவை வண்டியை வேறு பெயருக்கு மாற்றும் படிவங்கள். லோனைப் பதிவு செய்ய 34-ஆம் படிவம் போதும்.

இப்போது ஜிஎஸ்டி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டி வாங்க வரும் வியாபாரிகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். உங்கள் 10,12,000-இல் சுமார் 1,54,000 ரூபாய் வரி. சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது விற்பனையில் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அது வரி விதிக்கப்படும் பொருளை விற்கிறவருக்கு. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது. விளைபொருள் விற்றுக் கொடுக்கும் கமிஷனுக்கும் கிடையாது. நீங்கள் வசூலிக்கும் வரியே இல்லாதபோது கழிக்க என்ன இருக்கிறது? உங்களுக்கு 1,54,000 திரும்ப வராது, அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தக்காளிக்கான பிளாஸ்டிக் கிரேட், சாக்கு என்று வரி உள்ள சரக்கையும் அதே ஜிஎஸ்டி எண்ணில் நீங்கள் விற்று, அதையும் இதே வண்டியில் ஏற்றினால், அந்த விற்பனை மொத்தத்தில் எத்தனை பங்கோ அத்தனை பங்கு வரிதான் உங்களுக்கு. அதுவும் 60 மாதங்களுக்குப் பிரித்துக் கணக்கு வைக்க வேண்டும். மொத்த விற்பனையில் கிரேட் பத்தில் ஒரு பங்கு என்றால் கிடைப்பது சுமார் 15,400, ஐந்து வருடத்துக்கும் சேர்த்து. எடுத்த வரித்தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கேட்கவும் முடியாது. புதிதாக ஜிஎஸ்டி எண் வாங்கித் தருகிறேன், முழுவதையும் எடுத்துவிடலாம் என்று ஷோரூம் வாசலில் நிற்கும் புரோக்கர் சொல்வார். தகுதியில்லாமல் எடுத்துப் பயன்படுத்தினால், வரியோடு 18% வட்டியும் சேர்த்து நீங்கள்தான் கட்ட வேண்டும். புரோக்கர் கமிஷனோடு போயிருப்பார். உங்கள் ஆடிட்டரைத் தவிர வேறு யார் பேச்சையும் இதில் கேட்காதீர்கள்.

காப்பீட்டை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மூன்றாம் நபர் பிரீமியம் எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தது 16,049 ரூபாய். வித்தியாசம் சொந்த சேதப் பகுதியில்தான், தள்ளுபடியும் அங்கேதான். வெளியே இரண்டு கம்பெனியில் விலை கேளுங்கள். பிரீமியத்தை மட்டும் பார்த்துவிடாதீர்கள். ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு, புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூமில் 95%, அதாவது சுமார் 9,61,000 இருக்க வேண்டும். ஐஎம்டி 23 என்ற கூடுதல் பிரிவு சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பாலிசியில் பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பானெட், டயர், பெயிண்ட் இவற்றுக்குப் பணம் கிடையாது. சரக்கு வண்டி இடித்தால் முதலில் உடைவது அவைதானே! பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக இதை எடுத்துவிடும் ஏஜென்ட்கள் உண்டு.

ஆர்டிஓ செலவு 34,000 என்று ஒரே வரியில் எழுதியிருப்பதை ஏற்காதீர்கள். சாலை வரி, பதிவுக் கட்டணம் என்று தனித்தனியாக, அரசு ரசீதோடு கேளுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் எல்லாம் ஆன்லைன் ஆகி இத்தனை வருடமாகியும், ரசீதில்லாத 'செலவு' என்ற வரி இன்னும் கொட்டேஷனில் உட்கார்ந்திருப்பது அநியாயம். அரசு அலுவலகமும் இதைக் கண்டுகொள்வதில்லை. ரசீதுகளின் கூட்டுத்தொகைக்கு மேல் கொடுக்காதீர்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. தாண்டும் மாடல் என்றால் கேரளா போக பர்மிட் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விலை முடிந்ததும் பணம் கட்டும் முன் யார்டுக்குப் போய் உங்கள் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3824 என்றால் 2024-இன் 38-ஆவது வாரம். ஐந்து டயரையும், ஸ்டெப்னியையும் சேர்த்து, பாருங்கள். பேட்டரி தேதி, லோடு பாடி அடியில் வெல்டிங் ஓரத்தில் துரு, ஓடிய கிலோமீட்டர், எல்லாம் பார்த்துவிட்டு, சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் அதே எண் வர வேண்டும். தயாரான மாதமும் வருடமும் 21-ஆம் படிவத்தில் இருக்கும். போன வருடத் தயாரிப்பு என்றால் ஆர்சியில் அந்த வருடம்தான் ஏறும், விற்கும்போது விலை அடிபடும். அதற்கான தள்ளுபடி தனியாக வர வேண்டும். பதிவு முடிந்த பிறகு இதையெல்லாம் கண்டுபிடித்தால் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள்.

முன்பணத்தை சேல்ஸ்மேனின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பி, அன்றே ரசீது வாங்குங்கள். புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.