கிருமிநாசினிச் சவர்க்காரம் குழந்தைக்குத் தேவையா?

கிருமி கொல்லும் சவர்க்காரத்தைக் குழந்தைகளுக்குப் பாவிக்கலாமா, அதன் கழிவுநீர் கிணற்றையும் வாவியையும் பாதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நலமாக உள்ள குழந்தைக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ட்ரைக்குளோசான், ட்ரைக்குளோகாபன் உள்ளிட்ட 19 கிருமிகொல்லி இரசாயனங்கள் சாதாரண சவர்க்காரத்தை விடச் சிறந்தவை என்பதை உற்பத்தியாளர்கள் நிரூபிக்கத் தவறியமையால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் அவற்றைக் கைகழுவும், உடல்கழுவும் சவர்க்காரங்களில் தடைசெய்தது.

ட்ரைக்குளோசான், பற்றீரியா தன் மென்சவ்வுக்கான கொழுப்பமிலத்தை உருவாக்க உதவும் நொதியத்தைத் தடுக்கிறது. காசநோய்க்கு வழங்கப்படும் ஐசோனியசிட் மருந்தும் அதே வகை நொதியத்தையே தாக்குவதால், ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் அடங்காமல் போகக்கூடும் என்ற அச்சம் ஆய்வாளர்களிடம் உண்டு. ட்ரைக்குளோசான் கொடுக்கப்பட்ட ஆய்வுகூட எலிகளில் தைரொயிட் ஓமோன் அளவு குறைந்தமையும் பதிவாகியுள்ளது.

மட்டக்களப்பின் கல்லடி போன்ற மணற்பாங்கான இடங்களில், கிணற்றடியில் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழையடிக்குப் போய், நுரை அடங்குமுன்னரே மணலுக்குள் இறங்கிவிடுகிறது. நாம் வாளியில் அள்ளும் நீரும் அதே மணலிலிருந்துதான் ஊறுகிறது. வாவியைச் சேரும் ட்ரைக்குளோசான் பாசிகளுக்கு நஞ்சாகும். பாசி அழிந்தால் இறாலுக்கும் மீனுக்குமான உணவு அடியிலேயே குறையும். வெயில் பட்டால் ட்ரைக்குளோசானின் ஒரு பகுதி, டயொக்சின் எனும் நச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த சேர்மமாகவும் மாறும்.

சாதாரண சவர்க்காரத்தால் 20 செக்கன் தேய்த்துக் கழுவினாலே போதும். காயத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ வைத்தியர் தந்த கிருமிநாசினியை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.