கல்வெட்டில் ஒரு வரி

அன்புள்ள ஐயாவுக்கு,

என் அப்பப்பா போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் காலமானார். வயது 93. பொரளை கனத்தை மயானத்தில் தகனம் செய்தோம். வருகிற கிழமை முப்பத்தோராம் நாள். அன்றைக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டை எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

அப்பப்பா 1951இல் இராணுவத்தில் சேர்ந்தவர். தியத்தலாவையில் பயிற்சி, பிறகு காலாட்படை. 1973இல் சார்ஜன்டாக ஓய்வு பெற்று, ஒரு கொம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். மரண அறிவித்தலில் பெரியப்பா "ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர்" என்றுதான் போட்டார். கல்வெட்டிலும் அப்படியே போடு, ஆமி என்று எழுதினால் சனம் என்ன நினைக்கும் என்கிறார். கனடாவில் இருக்கிற அத்தைக்கும் அதே பயம். அத்தையின் மச்சாள் 2009இல் முள்ளிவாய்க்காலில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவ. கல்வெட்டு அவவின் கைக்கும் போகும்.

நான் அறிந்த அப்பப்பா வேறு. அப்பம்மாவுக்கு நீரிழிவு. கடைசிப் பதினொரு வருடம் கண் தெரியாது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டது அப்பப்பாதான். கொப்பியில் எழுதி வைப்பார்: "06.00 தேத்தண்ணி, சீனி இல்லை. 06.15 ஊசி, இடது கை. 06.30 கால் பார்த்தேன், புண் இல்லை." இப்படிப் பதினான்கு கொப்பிகள் இருக்கின்றன. அப்பம்மா இறந்த நாளில் ஒரே ஒரு வரி: "05.40. இன்று ஊசி இல்லை."

இந்த மனிசனை நான் என்னவென்று எழுதுவது?

ஒரு பேத்தி, வெள்ளவத்தை

பி.கு.: நவம்பர் மாதத்தில் கோட்டுப் போட்டு, போரில் இறந்த படையினரை நினைத்துப் பொப்பிப் பூக் குத்தி, விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற போர் நினைவுத்தூணுக்குப் போவார். அட்டையில் அந்தப் பூவைப் போடலாமா?

*

அன்பான பிள்ளைக்கு,

உங்கள் வீட்டுத் துயரில் நானும் பங்குகொள்கிறேன். அச்சகத்துக்குக் கொடுக்க நாள் கிட்டுகிறபடியால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதுங்கள். இராணுவம் என்றே எழுதுங்கள். பக்கத்தில் 1951 – 1973 என்று இலக்கத்தில் போடுங்கள். பெரியப்பா பயப்படுகிற கேள்விகளில் பாதிக்கு அந்த இரண்டு வருடங்களே பதில் சொல்லிவிடும்.

அரச உத்தியோகத்தர் என்பது பொய்யில்லைத்தான். ஆனால் வாசிக்கிறவர்கள் கச்சேரியில் கோப்புப் பார்த்த ஒருவரை நினைத்துக்கொள்வார்கள். உங்கள் அப்பப்பா சேர்ந்தபோது அந்தப் படை தொடங்கி இரண்டு வருடம்கூட சரியாக ஆகியிருக்காது. 1949 ஒக்டோபர் 10இல்தான் அது உருவானது. தமிழ் வீட்டுப் பிள்ளை அதில் சேர்வது அன்றைக்குப் பெரிய புதினமில்லை. 1955 முதல் 1959 வரை அதன் தளபதியாக இருந்தவர் அன்டன் முத்துக்குமாரு என்ற தமிழர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையரும் அவர்தான். 1958 மே மாதக் கலவரத்தில் அவசரகாலச் சட்டம் போட்டுப் படையை வீதிக்கு இறக்கியபோது படைக்குத் தலைமை அவர். கொழும்புத் தமிழர்கள் அகதி முகாம்களில் இருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போன நாட்கள் அவை. அந்தக் கிழமைகளில் உங்கள் அப்பப்பா சீருடையோடு எங்கே நின்றார்? பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், இன்றைக்கே கேளுங்கள். வம்ச வரலாற்றுக்கு அடுத்த பக்கத்தில் வரவேண்டியது அதுதான்.

1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகளின் சதி முயற்சி பிடிபட்ட பிறகு படையில் ஆட்சேர்ப்பின் போக்கே மாறியது. தமிழர்கள் வரவரக் குறைந்தார்கள். அதற்குப் பிறகும் அவர் பதினொரு வருடம் நின்றிருக்கிறார். வெளியே வந்து பத்து வருடத்தில் 1983 ஜூலை. 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் புதைப்பதற்கு ஏற்பாடானது, நீங்கள் அப்பப்பாவைக் கொண்டுபோன அதே கனத்தையில். மறுநாள் அங்கே திரண்ட கூட்டத்திலிருந்துதான் நெருப்புக் கிளம்பியது. தான் இருந்த படையின் பிள்ளைகள் செத்ததற்குத் தன்னுடைய சனத்தின் வீடுகள் எரிவதைப் பார்த்த மனிதர் அவர். யாரிடம் போய் எதைச் சொல்லியிருப்பார்?

எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் இருந்தார். சார்ஜன்ட் மாமா என்போம். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கம் சுற்றிவளைப்பு அடிக்கடி நடந்தது. ஒருநாள் விடியமுதல் ஆண்களை எல்லாம் வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள். மாமா ஸ்திரிக்கை போட்ட சேர்ட்டோடு வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய, படையிலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம். சோதனைக்கு வந்த பெடியனுக்கு இருபது வயது இருக்கும். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "தமிழா?" என்று சிங்களத்தில் கேட்டான். மாமா ஓம் என்றார். பிறகு குதியோடு குதி சேர்த்து நின்று தன் படை இலக்கத்தை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொன்னார். காலில் பாட்டா செருப்பு. அது ஒட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெடியன் புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

ஆனாலும் அவருடைய மகனையும் என்னையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். மாமா பின்னாலேயே பொலிஸ் நிலையம் வரைக்கும் நடந்து வந்தார். பின்னேரம் மூன்று மணிக்கு எங்களை விடும்வரை வாசலில் நின்றாராம். பக்கத்தில் வாங்கு இருந்தது, அதில் உட்காரவில்லை. நாங்கள் வெளியே வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை, பையிலிருந்து இரண்டு பணிசை எடுத்துத் தந்தார். அடுத்த நாள் காலையில் நான் வேலைக்குப் போகும்போது, மகனுடைய சப்பாத்து வழமைபோல மினுக்கி வாசற்படியில் வைத்திருந்தது. மகனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

அவர் செத்தபோது அவருடைய கல்வெட்டிலும் இராணுவம் என்ற சொல் வரவில்லை. நான் வாசித்துப் பார்த்துக் கொடுத்த கல்வெட்டு அது. அப்போது நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் கவலை இன்னும் எனக்குண்டு.

இனி உங்கள் கொப்பிக்கு வருகிறேன். "06.30 கால் பார்த்தேன், புண் இல்லை." நீரிழிவுக்காரரின் காலைத் தினமும் பார்க்கவேண்டும் என்று எந்த டொக்டரும் சொல்லுவார். சொன்னபடி பதினொரு வருடம் பார்த்தவர்கள் எத்தனை பேர்? காலாட்படையில் நீண்ட நடை முடிந்ததும் ஆட்களைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, கொப்புளம் இருக்கிறதா என்று ஒவ்வொரு காலாகப் பார்ப்பார்கள். சார்ஜன்ட் கவனிக்கிற வேலை அது. உங்கள் அப்பப்பாவின் கை அப்படிப் பழகிய கை. நேரத்தை எழுதி, செய்ததை எழுதி, கண்டதை எழுதுகிற பழக்கமும் அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும். அப்பம்மாவை அவர் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லிவிட்டு இராணுவத்தை மட்டும் விட்டால், பிள்ளை, அந்த விதம் எங்கிருந்து வந்தது என்பது வாசிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

அத்தையின் மச்சாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை இலேசாக எடுக்கமுடியாது. சீருடை என்ற சொல்லே அவவுக்கு நோகும். நோகாமல் எப்படி இருக்கும்? அச்சடிக்க முதல் நீங்களே அவவுக்குப் போன் எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். சம்மதம் கேட்பதற்கு என்று எடுக்கவேண்டாம். தபாலில் வந்த கல்வெட்டைப் பிரித்து, தனியாக இருந்து, திடீரென்று அந்தச் சொல்லை அவ காணக்கூடாது. அவ அழுதால் போனை வைக்காமல் இருங்கள்.

பொப்பிப் பூவைத் தாராளமாகப் போடுங்கள். பக்கத்தில் ஒரு பூவரசம் பூவும் இருந்தால் எனக்குச் சந்தோசம். பொப்பிப் பூ விற்ற காசில் பெரும்பங்கு பிரித்தானியப் படையினருக்கே போகிறது, இங்கத்தைய முன்னாள் படையினர் கைவிடப்படுகிறார்கள் என்று 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் பொப்பி விற்கிற அதே நவம்பர் நாளில் சூரியமல் விற்கத் தொடங்கினார். சூரியமல் என்று சிங்களத்தில் சொல்வது எங்கள் பூவரசைத்தான். இரண்டு வருடத்தில் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தார்கள். ஆனால் முதற்பூ விற்றது உங்கள் அப்பப்பாவைப்போல வீடு திரும்பிய சிப்பாய்களுக்காக.

தேவாரமும் திதி வெண்பாவும் இருக்கட்டும். காசு கொடுத்து எழுதுவிக்கிற புலம்பல் பாட்டை மட்டும் விட்டுவிட்டு, அந்த இடத்தில் கொப்பியின் ஒரு பக்கத்தை அவர் கையெழுத்தோடு படமெடுத்துப் போடுங்கள். கடைசி வரி இருக்கிற பக்கத்தைப் போடுவதா வேண்டாமா என்பதைப் பெரியப்பா தீர்மானிக்கட்டும். அது அவருடைய அம்மா.

டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் எங்கேயோ இருக்கும், பெரும்பாலும் பிஸ்கட் டின்னில். தேடி எடுத்து, படை இலக்கத்தை அதில் உள்ளபடியே எழுதுங்கள். அச்சுக்குப் போகமுதல் ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தரம் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

எனக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். முப்பத்தோராம் நாளுக்கு வருகிறேன்.