பூச்சு வேலையைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: திருமங்கலத்திலிருந்து கள்ளிக்குடி போகும் வழியில், மூன்றரை சென்ட் இடத்தில் 850 சதுரடிக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். இடம் கரிசல் பூமி. சித்திரையில் ஐந்தடி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, பில்லர் போட்டு எழுப்பினோம். என் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், இரவு வெகுநேரம் கழித்துத்தான் வருவார். அதனால் காலையும் சாயங்காலமும் தண்ணீர் விட நான்தான் போகிறேன். மேஸ்திரி அவருடைய பெரியப்பா மகன். பொருளோடு சேர்த்து சதுரடிக் கணக்கில் பேசி, முக்கால்வாசிப் பணம் கொடுத்துவிட்டோம். புரட்டாசிக் கடைசியில் தளம் போட்டார்கள், இருபது நாள் ஆகிறது. கான்கிரீட்டைத் தாங்க அடியில் கொடுத்திருந்த பலகை, முட்டு எல்லாம் சேர்ந்த சென்ட்ரிங்கை எட்டாம் நாளே பிரித்து வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹாலின் நடுவே போகும் 16 அடி பீமின் அடியில் ஜல்லி ஜல்லியாகத் தெரிகிறது, ஓரிடத்தில் கம்பியே தெரிகிறது. மழை தொடங்கியதும் முன் அறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் வந்திருக்கிறது. கேட்டால், "பூசினால் எல்லாம் சரியாயிடும், பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது" என்கிறார். வீட்டுக்காரரோ, "அண்ணன்கிட்ட எப்படிக் கேக்குறது" என்கிறார். இதனால் எங்களுக்குள் தினமும் சண்டை. வரும் திங்கள் பூச்சு வேலை ஆரம்பம், தையில் புதுமனை புகுவிழா. நான் பயப்படுவது தப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

திங்கட்கிழமை பூச்சு வேலை தொடங்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். பீமும் சுவரும் பூசாமல் இருக்கும்வரைதான் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று ஒருவர் பார்த்துச் சொல்ல முடியும். அதன்மேல் அரை அங்குலக் கலவை ஏறிவிட்டால், பார்ப்பதற்கே உடைக்க வேண்டும். உடைக்கிற செலவு யாருடையது என்று அடுத்த பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

நீங்கள் பயப்படுவது தப்பே இல்லை. தினமும் இரண்டு வேளை குடத்தோடும் ஹோஸோடும் அந்தக் கட்டடத்தைச் சுற்றி வந்தவர் நீங்கள்தான். உங்கள் கண்ணில் பட்ட மூன்று விஷயங்களும் சரியாகக் கேட்க வேண்டிய விஷயங்கள். ஆனால் மூன்றும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல.

முதலில் பீம். ஜல்லி தெரிவதை ஹனிகோம்ப் என்பார்கள். கலவையை வைப்ரேட்டர் என்ற அதிர்வுக் கருவி விட்டு இறுக்காமல் விட்டால் வரும். சென்ட்ரிங் பலகை இடுக்கு வழியே சிமெண்ட் பால் ஒழுகிப் போனாலும் வரும். கம்பி நெருக்கமாக இருந்து ஜல்லி உள்ளே இறங்காமல் நின்றாலும் வரும். எல்லா வேலையிலும் கொஞ்சம் பார்க்கக்கூடியதுதான், அந்த அளவில் மேஸ்திரி சொல்வது பொய்யில்லை. ஆனால் மேலோட்டமாக நாலு ஜல்லி தெரிவது வேறு, கம்பி தெரிவது வேறு. பீமின் அடிக்கம்பிதான் வளைவைத் தாங்குகிறது. அந்தக் கம்பியைச் சுற்றிக் குறைந்தது ஓர் அங்குலம் கான்கிரீட் கவ்வியிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் காற்றும் ஈரமும் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி பக்கத்திலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். பழைய வீடுகளில் பீமின் அடிப்பகுதி பெயர்ந்து, துருவேறிய கம்பி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மேலே வெறும் பூச்சு பூசினால் கண்ணுக்கு மறையும், கம்பிக்குப் பாதுகாப்பாகாது.

இதற்குச் சரியான வைத்தியம் உண்டு, பயப்பட வேண்டாம். பீமுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, உதிர்கிற பகுதியைக் கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுப்பார்கள். கம்பிக்குப் பின்னாலும் பொள்ளலாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, கம்பியைச் சுத்தம் செய்து, ஆழத்துக்கு ஏற்றபடி பாலிமர் கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ வைத்து அடைப்பார்கள். எங்கே, எவ்வளவு ஆழம் கொத்துவது என்பதை ஓர் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். அவர் பார்க்கும் முன் யாரும் சாதாச் சிமெண்டைக் குழைத்து அப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஆட்கள்தான் பில்லரும் போட்டார்கள் என்பதால், பில்லர்களின் அடிப்பகுதியையும் பீம் பில்லரோடு சேரும் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பொள்ளல் இருந்தால் அது நடு பீமில் இருப்பதைவிடப் பெரிய விஷயம், முதலில் அதைத்தான் இன்ஜினியருக்குக் காட்ட வேண்டும்.

அடுத்து, எட்டாம் நாள் பிரித்த சென்ட்ரிங். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 இதற்குக் குறைந்தபட்ச நாள் சொல்கிறது. நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம், அதற்கு மேல் நீளமென்றால் 14 நாள். பீமுக்கு, ஆறு மீட்டர் வரை 14 நாள். இதுவும் ஓ.பி.சி. எனப்படும் சாதா போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, ஒழுங்காகத் தண்ணீர் விட்டிருந்தால். இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் போசோலானா) சிமெண்ட் ஆரம்ப நாட்களில் மெதுவாகத்தான் பலம் ஏறும், அதற்கு இன்னும் சில நாள் விட வேண்டும். ஆகவே உங்கள் அறைகளின் தளத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. 16 அடி பீம், அதாவது ஏறக்குறைய ஐந்து மீட்டர், அதன் முட்டுகளை எட்டாம் நாள் எடுத்தது தவறு. மூட்டையில் என்ன சிமெண்ட் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள், காலிச் சாக்கு அங்கேயே கிடக்கும்.

மேஸ்திரி வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று இதற்காக முடிவு கட்ட வேண்டாம். சென்ட்ரிங் ஷீட்டும் முட்டும் பல மேஸ்திரிகளுக்கு வாடகைச் சாமான். ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும், அடுத்த இடத்தில் ஆள் காத்திருப்பார்கள். அந்த அவசரத்தில்தான் இது நடக்கிறது. காரணம் புரிகிறது என்பதால் வேலை சரியாகிவிடாது, அவ்வளவுதான்.

இன்றைக்கே உங்களால் செய்ய முடிந்த ஒன்று: பீமின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டிப் பாருங்கள். நடுவில் பீம் நூலைத் தொட்டுக் கீழே தள்ளினால் தொய்வு இருக்கலாம். சென்ட்ரிங் பலகை கோணலாக இருந்தாலும் அப்படித் தெரியும், அதனால் பதற வேண்டாம், அளந்து குறித்து மட்டும் வையுங்கள். பீமின் பக்கவாட்டில், நடுப்பகுதியில், அடியிலிருந்து மேல்நோக்கிப் போகும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜினியர் வரும்வரை மாடியில் செங்கல், மணல், சிமெண்ட் மூட்டை எதையும் அடுக்க விடாதீர்கள். பீமுக்கு மறுபடி முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இறுக்கித் தூக்கக் கூடாது, தாங்கி நிற்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

மூன்றாவது, ஜன்னல் மூலை விரிசல். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், ஏனென்றால் நீங்கள் கட்டுவது கரிசலில்.

மேலூர், ஒத்தக்கடை பக்கம் செம்மண்ணும் பாறையுமாக இருக்கும் இடங்களில் ஐந்தடி வானம் தாராளம். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்துக் கரிசல் அப்படி இல்லை. அந்தக் களிமண் தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் உங்கள் இடத்திலேயே கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அப்படிக் காய்ந்து சுருங்கிக் கிடந்த சித்திரையில் வானம் தோண்டினீர்கள். ஐப்பசி மழை இப்போது இறங்குகிறது. மண் ஊதி, வெளிப்பக்கச் சுவரை மேலே தள்ளுகிறது, வீட்டுக்கு நடுவிலுள்ள மண் இன்னும் காய்ந்தே இருக்கிறது. ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் நிற்கும்போது சுவர் எங்கே பலவீனமோ அங்கே, அதாவது ஜன்னல் மூலையில், சாய்வாகக் கிழியும். மழையோடு சேர்ந்து விரிசல் வந்தது என்று நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன். ஜன்னலுக்கு மேலே குறுக்கே வரும் கான்கிரீட் லிண்டல் இரண்டு பக்கமும் சுவரில் ஆறு அங்குலமாவது உட்காராமல் போனாலும் ஜன்னல் மூலையில் கீறல் வரும், அது சின்னப் பிரச்சினை.

எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் கெட்டியாக ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. மேலே அகலமா, கீழே அகலமா என்று குறித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வீட்டுக்குள்ளேயும் அதே இடத்தில் விரிசல் இருக்கிறதா, சுவருக்கு அடியில் சுற்றிவரும் கான்கிரீட் பட்டையான அஸ்திவார பெல்ட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டிலும் இருந்தால் அன்றே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கரிசலில் முறையான வழி, மண் ஊதிச் சுருங்கும் ஆழத்தைத் தாண்டிக் கீழே போய் நிற்பது. அதற்காகத்தான் அடியில் குமிழ் போல அகன்ற தூணை மண்ணுக்குள் இறக்கும் அண்டர்-ரீம்டு பைல் என்ற முறையே வந்தது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், அதை நினைத்து வருந்திப் பயனில்லை. இனிமேல் உங்கள் கையில் இருப்பது தண்ணீர். அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மண் ஒரு பக்கம் நனைந்து ஒரு பக்கம் காய்ந்து இருக்கக் கூடாது. தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விடுவது நல்லதுதான், நிறுத்தாதீர்கள். ஆனால் அது வழிந்து சுவரடியில் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு முடிந்ததும் சுற்றிலும் நாலடி அகலத்துக்கு வெளிப்புறம் சாய்வாகச் சிமெண்ட் தளம் போடுங்கள். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியே தூரமாகக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், செய்யத்தான் வேண்டும். ஆனால் கரிசலில் அந்தக் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டினால் நாமே அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஆகும். இடத்தின் தூரத்து மூலையில் வையுங்கள், செப்டிக் டேங்கும் அப்படித்தான். வேப்பங்கன்று நட ஆசையிருந்தால் அதையும் தள்ளி நடுங்கள், வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும்.

இன்ஜினியர் என்றால் யார்? மேஸ்திரிக்குத் தெரிந்தவர் வேண்டாம். கட்டட அமைப்பு படித்த, உங்கள் பணம் வாங்கி உங்களுக்கு எழுத்தில் அறிக்கை தருகிற ஒருவர். திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரி போல, சிவில் துறை உள்ள கல்லூரிகளில் விசாரியுங்கள். கான்கிரீட்டை உடைக்காமலே, சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், ஒலி அலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை செய்யலாம். 28 நாள் ஆன பிறகு செய்தால் கணக்கு தெளிவாக இருக்கும், உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான். கலவைக்குப் போர் தண்ணீர் விட்டிருந்தால், அப்படியே அதையும் ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அது ஆகாது.

இப்போது உங்கள் வீட்டுக்காரருக்கு. தயவுசெய்து இந்தப் பகுதியை அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, அண்ணனிடம் கேட்க உங்களுக்கு இருக்கும் சங்கடம் புரிகிறது. நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் நீங்கள் செய்முறை செய்ய வேண்டும், உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர் முன்னால் நிற்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்காததால் அந்தக் கேள்வியை உங்கள் மனைவி தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், "பொம்பளைக்குப் புரியாது" என்ற பேச்சையும் அவர்தான் வாங்குகிறார். அது நியாயமில்லை. ஒருநாள் லீவு போட்டு, இரண்டு பேரும் சேர்ந்து போய் நில்லுங்கள். குறை சொல்ல வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம். "அண்ணே, இன்ஜினியர் வந்து பாக்கட்டும், அப்புறம் பூசலாம், நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம்" என்று நீங்கள் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும், அதற்காக அங்கேயே இறங்கி வந்துவிடாதீர்கள். இன்ஜினியர் வரும் நாளில் அண்ணனையும் கூட நிற்கச் சொல்லுங்கள். கேட்டு, தன் ஆட்களை வைத்தே சரி செய்ய வாய்ப்புக் கொடுத்தால், பெரும்பாலான மேஸ்திரிகள் செய்வார்கள்.

பணம்: மீதமுள்ள கால்வாசியை இப்போது கொடுக்க வேண்டாம். பீம் வேலை முடிந்து இன்ஜினியர் ஒப்புக்கொண்ட பிறகு ஒரு பகுதி, பூச்சு முடிந்த பிறகு ஒரு பகுதி என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தம் என்பதால்தான் எழுத வேண்டும். இதுவரை கொடுத்ததற்கு ஜி-பே பதிவு, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அவர் எதற்குமே வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வழி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பேசும்போது தைரியம் வரும்.

புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடிக்கவில்லையென்றால் பொறுங்கள். தை தவறினால் சித்திரை, வைகாசி இருக்கிறது. வாடகை மூன்று நாலு மாதம் கூடும், கஷ்டம்தான், ஆனாலும் அந்தப் பீமை அவசரத்தில் மூட வேண்டாம். இன்ஜினியர் கொடுக்கும் அறிக்கையின் நகலையும், கண்ணாடி ஒட்டிய விரிசலின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு, பூச்சை எப்போது தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.