தேர்வான பிறகு போர்ட்ஃபோலியோ எதற்கு?

கேள்வி: எனக்கு இருபது வயது. ஒரு வருடமாக மாடலிங்கில் முயற்சி செய்கிறேன். காஸ்டிங்குக்கு, அதாவது மாடல் தேர்வுக்குப் போகிறேன், படம் எடுக்கிறார்கள், "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள், அதோடு சரி. சில நாள் ஒரே நாளில் மூன்று இடத்துக்கு வரச் சொல்கிறார்கள். ஒருமுறை நாற்பது நிமிடம் தாமதமாகப் போனதற்கு உள்ளேயே விடவில்லை. இப்போது ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டு, ஒரு பெரிய பிராண்டுக்கு நான் தேர்வாகிவிட்டதாகச் சொல்கிறார். அவர் சொல்லும் ஸ்டூடியோவில் பணம் கட்டி போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டுமாம். இரவு ஒன்பது மணிக்கு ஹோட்டலில் கிளையன்ட்டைப் பார்க்க வேண்டுமாம். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வருமா? (பெயர் வேண்டாம்)

பதில்: போகாதீர்கள். பணமும் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தேர்வாகிவிட்டீர்கள் என்றால் போர்ட்ஃபோலியோ என்ற படத் தொகுப்பு எதற்கு? தேர்வாவதற்குத்தானே அது. நேரில் பார்க்காமல், படங்களை மட்டும் வைத்து மாடலை புக் செய்வது இந்தத் தொழிலில் உண்டு. ஆனால் அப்படி புக் செய்தவர்களிடமிருந்து பணம் உங்களுக்கு வர வேண்டும், உங்களிடமிருந்து அவர்களுக்குப் போகக் கூடாது. மாடலுக்கு வேலை பிடித்துத் தருகிற ஒழுங்கான ஏஜென்சி நீங்கள் சம்பாதித்த பிறகு அதில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். அதுதான் அதன் வருமானம். சேரும்போதே கட்டணம் கேட்கிறவருக்கு உங்களுக்கு வேலை கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். அவருக்கு வர வேண்டியது வந்துவிட்டது. இந்த ஏமாற்று பல இடங்களில் நடப்பதால்தான் சட்டமே வந்திருக்கிறது. மாடல்களிடம் ஏஜென்சிகள் முன்பணம் வாங்குவதை பிரிட்டன் 2010-லேயே தடை செய்தது. நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒப்பந்தம் போடும்போது கட்டணமோ டெபாசிட்டோ வாங்கக் கூடாது, கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் எப்படி இருந்தாலும் இந்த அளவுகோலை நீங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆளின் மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் சொல்கிற பிராண்டின் அதிகாரப்பூர்வ எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் கொடுக்கிற எண்ணைக் கூப்பிட்டால் அவருடைய ஆள்தான் எடுப்பார்.

எது அப்பாயின்ட்மென்ட் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். யாருக்காக இந்த வேலை, காஸ்டிங் நடத்துவது யார், எந்த முகவரி, எத்தனை மணி, அங்கே போய்ப் பார்க்க வேண்டியவர் பெயர் என்ன, என்ன உடையில் வர வேண்டும், ஷூட் எந்தத் தேதி, எவ்வளவு தருவார்கள், படங்களை எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள். இத்தனையும் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் உங்களை ஒதுக்க மாட்டார்கள். புது விளம்பரம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக சில சமயம் பிராண்டின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அப்போதும் காஸ்டிங் நடத்தும் நிறுவனத்தின் பெயரும் அலுவலக முகவரியும் கட்டாயம் இருக்கும். பகல் நேரம், அலுவலகம் அல்லது ஸ்டூடியோ, வரிசையில் வேறு மாடல்கள். சாதாரண காஸ்டிங் இப்படித்தான் இருக்கும். உள்ளாடை அல்லது நீச்சல் உடை விளம்பரம் என்றால் அதை முன்கூட்டியே சொல்வார்கள். போன இடத்தில் திடீரென்று "இதையும் கழற்றுங்கள்" என்றால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் போகவே கூடாது.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நாற்பது நிமிடம் தாமதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே விடாதவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ஷூட்டில் மாடல் நாற்பது நிமிடம் பிந்தினால் போட்டோகிராபர், மேக்கப் போடுகிறவர், உடை பார்க்கிறவர், லைட் ஆட்கள் என்று எல்லோரும் சும்மா நிற்க வேண்டும், ஸ்டூடியோ வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் காஸ்டிங்கிலேயே அதை எடைபோட்டுவிடுகிறார்கள். காஸ்டிங் என்பது வேலைக்கு முன்னால் நடக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை, ஒரு மாடலின் வேலை நாட்களில் பெரும்பகுதி அதுதான்.

மூன்று இடத்துக்கும் "வருகிறேன்" என்று சொல்லாதீர்கள். எந்த இடத்தில் குறிப்பிட்ட நேரம் கொடுத்திருக்கிறார்கள், எங்கே பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள் என்று பாருங்கள். குறிப்பிட்ட நேரத்தை முதலில் வைத்து, மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள், பயண நேரம் மட்டும் போதாது. முடியவில்லை என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஏஜென்சி மூலம் வந்தது என்றால் ஏஜென்சியிடம் சொல்ல வேண்டும். வழியில் மாட்டிக்கொண்டால் நேரம் தாண்டுவதற்கு முன்பே போன் செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டை ஒழுங்காகச் செய்வது மூன்றை அரைகுறையாகச் செய்வதைவிட மேல்.

காத்திருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஜேம்ஸ் ஸ்கல்லி என்ற காஸ்டிங் டைரக்டர் பாரிஸில் ஒரு பிராண்டின் காஸ்டிங்கில் நடந்த ஒன்றை வெளிப்படையாக எழுதினார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களை மாடிப்படியில் மணிக்கணக்கில் நிறுத்திவைத்துவிட்டு, விளக்கை அணைத்து, காஸ்டிங் நடத்தியவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்தப் பெண்கள் கையிலிருந்த போன் வெளிச்சத்தில் நின்றிருக்கிறார்கள். ஸ்கல்லி எழுதிய பிறகு அந்த பிராண்ட், காஸ்டிங் நடத்தியவர்களோடு இருந்த தொடர்பை முறித்துக்கொண்டது. பொறுமை நல்லதுதான். ஆனால் உங்களை மனுஷியாக மதிக்காத இடத்தில் நிற்பதற்குப் பெயர் பொறுமை இல்லை.

உள்ளே போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். பெயர், உயரம் சொல்லச் சொல்வார்கள். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று. முடியை ஒதுக்கச் சொல்வார்கள், கையை முன்னும் பின்னும் காட்டச் சொல்வார்கள். கொஞ்சம் நடக்கச் சொல்வார்கள். உங்கள் படமும் அளவுகளும் அச்சிட்ட காம்ப் கார்டை வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர்கள் பார்ப்பது முகத்தையும் உடல் வாகையும் தோலையும். அதனால் கனத்த மேக்கப்போடு போகாதீர்கள். உடம்போடு ஒட்டிய எளிய மேல்சட்டை, கறுப்பு ஜீன்ஸ், தோல் நிறத்தில் தையல் தெரியாத உள்ளாடை, பையில் ஒரு ஜோடி ஹீல்ஸ் போதும். ஆரம்பத்தில் படங்களும் அப்படியே இருக்கட்டும்: மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவருக்கு முன்னால், முகம், முழு உருவம், பக்கவாட்டு. தெரிந்தவர் யாராவது போனில் எடுத்துக் கொடுத்தால் போதும். ஏஜென்சிகள் முதலில் கேட்பது இதைத்தான்.

அளவில் பொய் சொல்லாதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூட்டிச் சொன்னால் காஸ்டிங்கில் தப்பிக்கலாம், உடையைப் போட்டுப் பார்க்கும் ஃபிட்டிங்கில் தப்ப முடியாது. தைத்துவைத்த உடை உங்களுக்குச் சேராவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு. அதே போல அளவுக்குள் வர வேண்டும் என்று பட்டினி கிடப்பதும் வேண்டாம். ஆரோக்கியமாக இருப்பதற்கு மருத்துவர் சான்றிதழ் இல்லாமல் மாடல்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று பிரான்ஸ் 2017-இல் கொண்டுவந்ததற்குக் காரணம், அப்படிப் பட்டினி கிடந்து சிதைந்துபோன பெண்கள்தான். உங்கள் உடம்புக்குப் பொருந்துகிற வேலை விளம்பரத்திலும், கடைகளின் கேட்டலாக் படங்களிலும் நிறைய இருக்கிறது. ராம்ப் மட்டுமே மாடலிங் இல்லை.

"சொல்லி அனுப்புகிறோம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தேர்வாகாதவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கமே இந்தத் தொழிலில் கிடையாது. பிரேசிலின் புகழ்பெற்ற மாடல் ஜிசெல் புன்ட்சென் 1997-இல் லண்டனில் 42 காஸ்டிங்குகளுக்குப் போய்த் திரும்பியவர். அதன் பிறகு கிடைத்த ஷோவில், வழுக்கும் மேடையில் உயரமான ஹீல்ஸோடு விழாமல் நடக்க அவருக்குத் தெரிந்திருந்ததும் உதவியது. எல்லோரும் ஜிசெல் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நன்றாக நடப்பதும் நேரத்துக்குப் போவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. போன இடம், தேதி, சந்தித்தவர், அணிந்த உடை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வேறொரு வேலைக்குக் கூப்பிடுவார்.

"ஆப்ஷனில் வைத்திருக்கிறோம்" என்றால் அந்தத் தேதியை உங்களிடம் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள், வேலை உறுதி என்று அல்ல. அதே தேதிக்கு இன்னொருவர் கேட்டால் முதலாமவரிடம் சொல்லி முடிவு கேளுங்கள். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு கடைசி நாளில் ஒருவரைக் கைவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

ஏஜென்சி ஒப்பந்தம் வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். எத்தனை வருடம், தானாகவே புதுப்பித்துக்கொள்ளுமா, கமிஷன் எவ்வளவு என்று பாருங்கள். விமான டிக்கெட், தங்கும் அறை, படத் தொகுப்புக்காக எடுக்கிற டெஸ்ட் ஷூட் என்று அவர்கள் செலவழிப்பது பல சமயம் உங்கள் கணக்கில் கடனாக ஏறும். சம்பாதித்ததெல்லாம் அதில் கழிந்து, கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற மாடல்கள் இருக்கிறார்கள். எதெதற்குப் பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் முகத்தையும் உடலையும் ஸ்கேன் செய்து கணினியில் உங்களைப் போலவே ஒரு உருவம் உண்டாக்க அனுமதி கேட்கும் வரி எங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வரியை நீக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.